நான்கெல்லை

அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால்
'மூத்த வழக்கறிஞர்' என்று போட்டிருந்தார்கள்.
எனக்கு இது ஐந்தாவது வருடம்.
பேனா எடுத்து 'மூத்த'வை அடித்தேன்.
இதுதான் முதல் அறிவுரை என்றேன். சிரித்தார்கள்.

கிருஷ்ணகிரி, கல்லூரி மாடி வகுப்பறை,
சாப்பாட்டுக்குப் பிந்தைய வியாழக்கிழமை.
ஒரு மின்விசிறி சுற்றியது,
இன்னொன்று வாய்தா வாங்கியிருந்தது.

பட்டம் முடித்தால் மூன்று வருடப் படிப்பு,
பிறகு பதிவு, பிறகு பார் கவுன்சில் தேர்வு.
இதெல்லாம் போனில் கிடைக்கும்.
போனில் இல்லாததைச் சொல்கிறேன்.
முதல் வருடம் என் சீனியர் தந்தது
வண்டிக்குப் பெட்ரோல், அதுவும் திங்கள்தோறும்.
வீட்டில் சம்பளம் என்று சொல்லிவைத்திருந்தேன்.
ஏப்ரலில், லண்டன்பேட்டையில்
மாங்காய் லாரிகளுக்கு நடுவே வண்டி நிற்கும்போது
கறுப்புக் கோட்டுக்குள் ஆள் வெந்துவிடும்.

தட்டச்சு பழகுங்கள்.
பழைய பத்திரம் வாசிக்கப் பழகுங்கள்.
வண்டிப்பாதைக்கு வடக்கு,
ஓடைக்குத் தெற்கு,
முனியப்பன் பாகத்துக்குக் கிழக்கு,
புளியமரத்துக்கு மேற்கு
என்று நான்கெல்லை எழுதியிருக்கும்.
மரத்தை வெட்டி முப்பது வருடம் ஆகியிருக்கும்.
அந்த இல்லாத மரத்தின் நிழலில்தான்
உங்கள் முதல் கட்சிக்காரர் உட்கார்ந்திருப்பார்.

வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள்
கை தூக்குங்கள் என்றேன்.
மூன்று கை. தயங்கித் தயங்கிப் பதினொன்று.
கன்னடம்? உருது?
மறைக்காதீர்கள்.
கூண்டில் ஏறிய அம்மா 'சூடலேது' என்கிறார்,
தாளில் 'தெரியாது' என்று ஏறுகிறது.
பார்க்கவில்லை என்பது வேறு,
தெரியாது என்பது வேறு.
இரண்டுக்கும் நடுவில் ஒருவன்
ஏழு வருடம் உள்ளே கிடக்கலாம்.
எழுந்து திருத்துங்கள். குரல் நடுங்கும்.
எனக்கு நடுங்கியது.

'தப்பு செஞ்சவனுக்கும் ஆஜராவீங்களா?'
என்று யாராவது கேட்பார்கள் என
பதில் தயாராக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.
மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.
நாகவேணி. பி.ஏ. வரலாறு, கடைசி வருடம்.
'எங்கப்பா கேசுக்காகத்தான் மேடம் சட்டம் படிக்கப்போறேன்.
ஒம்பது வருஷமா நடக்குது.
வேப்பனஹள்ளிப் பக்கம். சர்வே நம்பர்
இருநூத்திப் பதினாலு பார் மூணு பி.
எங்க வக்கீல் போனே எடுக்கறதில்ல.
அடுத்து நாங்க என்ன பண்ணணும்?'

அந்த எண்ணை என் விரல்கள் அறியும்.
எதிர்வாதியின் பதிலுரையை அடித்தவளே நான்தான்.
சென்னப்பன் மகளா இவள்.
ஒவ்வொரு வாய்தாவுக்கும்
மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்து
கோட்டு போட்ட யாரைக் கண்டாலும்
எனக்கும் சேர்த்தே
வணக்கம் வைப்பாரே, அவரா.

என்ன பண்ணணும் என்று எனக்குத் தெரியும்.
ஆணையரை அனுப்பி
நிலத்தை அளக்கச் சொல்லி ஒரு மனு.
அது வந்துவிடக் கூடாதென்றுதான்
ஒன்றரை வருடமாக நாங்கள்
சத்தமில்லாமல் இருக்கிறோம்.
நாக்கு நுனி வரை வந்த மனுவை
தண்ணீர் பாட்டிலைத் திறந்து
விழுங்கினேன்.

'நான் உங்க எதிர்த்தரப்பும்மா' என்றேன்.
'உங்க கேசைப் பத்தி நீ என்கிட்ட பேசக் கூடாது,
நானும் கேக்கக் கூடாது.
உங்க வக்கீலை நேர்ல போய்ப் பாரு.'
பெஞ்சுகள் கூட அசையவில்லை.
அவள் உட்காரவில்லை, கொஞ்ச நேரம்.
பிறகு நோட்டில் ஏதோ எழுதினாள்.

பொன்னாடை, தேநீர், ஒரு மாரி பிஸ்கட்.
படியிறங்கும்போது அவள் இல்லை.

இருபத்திரண்டாம் தேதி வாய்தா.
சென்னப்பனோடு அவளும் வந்திருந்தாள்,
கக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட கோப்பு.
அவர் வழக்கம்போல் எனக்கும் கை கூப்பினார்.
அவள் அவர் முழங்கையைத் தொட்டு
மெல்லக் கீழே இறக்கினாள்.

'யாரும்மா அந்தப் பொண்ணு, தெரியுமா?'
என்றார் சீனியர்.

பார்த்திருக்கிறேன் என்றேன்.